இருநூற்றுப் பத்து தப்படிக்குத் தெரியும் மஞ்சள்

சென்ற வாரம் எங்கள் வீட்டு வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வைத்தோம். வைத்தது நான் அல்ல, லீவுக்கு வந்திருக்கும் என் மகள். போனிலேயே பதிவு செய்துவிட்டு, "நாளைக்கு வந்து அளப்பாங்கப்பா. நீங்க கம்முனு இருக்கணும்" என்றாள். நாற்பத்தொரு வருடம் தர்மபுரி மாவட்டம் முழுக்க அடுத்தவர் வீட்டுச் சுவரை அளந்து எஸ்டிமேட் எழுதியவனிடம் சொல்கிற பேச்சா இது?

மறுநாள் அதியமான்கோட்டைக்கு எங்கள் வீடு தேடி வந்த சூப்பர்வைசரின் பெயர் கௌசல்யா. முப்பது வயதிருக்கும், அரூர்ப் பக்கம். கையில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி வைத்திருந்தார். அமுக்கினால் சுவரில் சிவப்புப் புள்ளி விழுகிறது, கருவியில் எண் வருகிறது. பதினான்கு நிமிடத்தில் நான்கு சுவரும் முடிந்தன. கதவு, ஜன்னல் கழித்து 1,846 சதுர அடி என்றார். நான் முந்தின நாளே டேப்பின் ஒரு முனையை ஆணியில் மாட்டித் தனியாகவே அளந்து வைத்திருந்தேன். என் கணக்கு 1,857.

"பதினோரு அடி கொறையுதுங்களே" என்றேன்.

"மெஷின் தப்பாக் காட்டாதுங்க சார்."

"என் டேப்பும் இதுவரைக்கும் தப்பாக் காட்டுனதில்லீங்கம்மா."

மகள் உள்ளேயிருந்து இருமினாள். சளி இருமல் அல்ல, எனக்கான இருமல்.

என் பழைய வேலையை மகள் சொல்லியிருப்பாள் போலும், கௌசல்யா கோபப்படவில்லை. டீயைக் குடித்துக்கொண்டே, "இத்தன வருசத்துல நீங்க தப்புக் கலர் அடிச்சது உண்டுங்களா சார்?" என்று கேட்டார்.

"ஆயிரத்து முந்நூத்திப் பன்னண்டு வூடு. அதுல ஒண்ணே ஒண்ணு."

"எப்படிங்க சார்?"

சொல்லத் தொடங்குவதற்குள் அவருக்கு அடுத்த வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. கிளம்பிப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்த ஒரு வீடு எனக்குள் புரண்டுகொண்டே இருக்கிறது. எழுதிவிட்டால் அடங்கும் என்று தோன்றுகிறது.

நான் பி.எஸ்சி. கணிதம் படித்தவன். வேலை கிடைக்கும் வரை இரண்டு மாதம் என்று சொல்லித்தான் பெரியண்ணன் மேஸ்திரியிடம் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் உப்புத்தாள் தேய்த்தேன். அடுத்த ஆறு மாதம் சுவர்க் குழிகளை அடைத்துப் பட்டி பார்த்தேன். சாரத்தில் ஏறினால் எனக்குக் கால் நடுங்கும், பன்னிரண்டாவது படிக்கு மேல் ஏற மாட்டேன் என்பதை மேஸ்திரி கண்டுகொண்டு, "நீ தரையிலயே இருந்து எண்ணு" என்று நோட்டையும் டேப்பையும் கொடுத்துவிட்டார். என் படிப்பு அப்போதுதான் பயன்பட்டது.

மேஸ்திரி என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வெள்ளைச் சட்டைதான் போடுவார். அதில் ஒரு சொட்டுப் பெயிண்ட் பட்டு நான் பார்த்ததில்லை. சத்தம் போட்டதும் இல்லை. சாதாரணமாக எல்லோரையும் 'வாப்பா, போப்பா' என்றுதான் பேசுவார். நாம் தப்புச் செய்துவிட்டால் மட்டும் 'சார்' என்பார். "பிரைமர் காஞ்சுதுங்களா சார்?" என்று அவர் கேட்டால், பிரைமர் காயவில்லை, அது அவருக்குத் தெரிந்துவிட்டது, நாம் தொலைந்தோம் என்று அர்த்தம். நாற்பத்தொரு வருடத்தில் என்னை அவர் 'சார்' என்றது ஒன்பது முறை. குறித்து வைத்திருக்கிறேன்.

ஒரு வீட்டுக்குப் போனதும் அவர் மூன்று காரியம் செய்வார். முதலில் உள்ளங்கையைச் சுவரில் அழுத்தித் தேய்ப்பார். கையில் மாவு ஒட்டினால் பழைய பூச்சு செத்துவிட்டது. அடுத்து, ஒரு சொம்புத் தண்ணீரை வீசிவிட்டு என்னை எண்ணச் சொல்வார். முப்பது எண்ணுவதற்குள் சுவர் குடித்துவிட்டால் இரண்டு கோட்டு பிரைமர், இல்லாவிட்டால் ஒன்று. மூன்றாவது, மழைத்தண்ணீர்க் குழாயின் பின்னால் யார் கண்ணிலும் படாத இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சரிவாகச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்ப்பார். இதுவரை அடித்த ஒவ்வொரு கோட்டும் வளையம் வளையமாகத் தெரியும். அதை எண்ணி நோட்டில் எழுதுவது என் வேலை. "எண்ணுனா மட்டும் பத்தாதுப்பா, படிக்கணும்" என்பார். எண்ணுவதே படிப்பதுதானே என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கலருக்கு ஒரு தனி விதி உண்டு. வாயால் சொல்வதை வாங்கக் கூடாது. 'சந்தனக் கலர்' என்று நான்கு பேர் சொன்னால் அது நான்கு கலர். அதனால் ஷேடு கார்டை நீட்டி, வீட்டுக்காரர் விரல் வைத்துக் காட்டிய எண்ணைத்தான் எழுத வேண்டும். விரல் வைக்காத கலரை மேஸ்திரி அடித்ததில்லை.

இந்த விதியை அப்படியே கடைப்பிடித்துத்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு, காரிமங்கலம் தாண்டி ஒரு மாந்தோப்பு. தோப்புக்காரர் பெயர் வெங்கடப்பா. எழுபது வயது, கட்டையான உடம்பு, கடுகடுப்பான வாய். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், வெளியாளிடம் தமிழ். அவருடைய மகன் சுரேஷ் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். சுரேஷுக்குப் பையன் பிறந்து, தோப்பு வீட்டில் பேர் வைக்கும் விசேஷம் நடத்த நாள் குறித்திருந்தார்கள். அதற்காகத்தான் பெயிண்ட். சுரேஷ் போனில் முதலில் ஆஷ் கலர் என்றார். அப்புறம், "அப்பா ஒத்துக்க மாட்டேங்கறாருங்கண்ணா. அவரு என்ன கேக்கறாரோ அதையே அடிச்சுருங்க" என்று விட்டுவிட்டார்.

அளக்க நான் தனியாகப் போனேன். தோப்புக் கொட்டகையிலிருந்து வீட்டு வாசலுக்கு இருநூற்றுப் பத்து தப்படி. சுவரில் உப்புப் பூக்கவில்லை, ஓதமும் இல்லை. குழாய்க்குப் பின்னால் சுரண்டினேன். ஏழு கோட்டு. அடியில் மஞ்சள் காவி கலந்த சுண்ணாம்பு, அதற்கு மேல் வகைவகையாக மஞ்சள். 'ஏழு' என்று எழுதிக்கொண்டேன்.

கலர் பேச்சு வந்தது. வெங்கடப்பாவின் மனைவி நாகம்மா தெலுங்கில் ஏதோ கேட்டார். அவர் வெடுக்கென்று, "பச்சே வெய்யமனு" என்றார். வெய்யமனு என்றால் போடச் சொல் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் நூறு வீட்டுக்கு மேல் எஸ்டிமேட் போட்டு எனக்குக் கொஞ்சம் தெலுங்கு வரும் என்ற பெருமை இருந்தது. மொழிபெயர்க்க நாகம்மா வாய் திறப்பதற்குள், "புரிஞ்சுதுங்க, பச்சதானுங்களே?" என்றேன்.

"பச்சதான்" என்றார் வெங்கடப்பா.

ஷேடு கார்டைப் பிரித்து, பச்சைகள் இருந்த பக்கத்தை அவர் முன்னால் நீட்டினேன். "எதுன்னு வெரல் வெய்யுங்க."

அவர் கார்டைப் பார்த்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "எல்லாம் ஒண்ணுதான், நல்லாத் தெரியறாப்பல இருக்கணும்" என்று சொல்லி நடுவில் பெருவிரலை ஊன்றினார். விரலுக்கு அடியில் இருந்த எண்ணை எழுதிக்கொண்டேன். விதிப்படி எல்லாம் சரி.

மறுநாள் நாகம்மா பேரனைப் பார்க்க ஓசூர் போய்விட்டார். மாங்காய் இறக்கும் பருவம், அதோடு பெயிண்ட் வாசம் ஆகாது என்று வெங்கடப்பா தோப்புக் கொட்டகையிலேயே தங்கிக்கொண்டார். எங்கள் ஆட்கள் நான்கு பேர். ஒன்பது நாள் வேலை. பச்சை அழகாகத்தான் வந்தது. எனக்கே பிடித்திருந்தது.

ஒன்பதாம் நாள் மாலை ஐந்தரை மணி. ஆட்கள் சாரத்தைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் ஜன்னல்களை எண்ணிச் சரிபார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். வெங்கடப்பா கொட்டகையிலிருந்து நடந்து வந்தார். என்னைக் கடந்தார். வாசலைக் கடந்தார். நேரே போய்க்கொண்டே இருந்தார். நாற்பது தப்படி தாண்டிக் கிணற்று மேட்டருகில் நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினார்.

"யாருப்பா அங்க?"

"நாந்தானுங்க, பெயிண்ட் கணக்கு."

"வூட்டக் காணோமேப்பா."

புதிதாக இருப்பதைப் பார்த்துக் கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். "தாண்டிப் போயிட்டீங்க. இதானுங்க வூடு."

"எது? மரந்தானே இருக்குது?"

சிரிப்பு நின்றுவிட்டது. கிணற்று மேட்டுக்கு ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"பச்ச அடிக்கச் சொன்னனே. இன்னும் அடிக்கலயா?"

"அடிச்சாச்சுங்க. பச்சதான் அடிச்சிருக்குது."

"பச்ச அடிச்சிருந்தாத் தெரியணுமில்ல!"

"பச்சன்னா எலப் பச்சதானுங்களே?"

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "எல ஆகுபச்சய்யா. நான் சொன்னது பச்ச. மஞ்சக் கெழங்குப் பச்ச. எங்கப்பன் காலத்துலருந்து இந்த வூடு பச்சதான்."

அவர்கள் தெலுங்கில் வெறும் பச்ச என்றால் மஞ்சள், இலைப் பச்சைக்குத்தான் ஆகுபச்ச. ஏழு கோட்டு மஞ்சளை என் கையால் சுரண்டி எண்ணியவன் நான்.

வாசற்படியில் உட்கார வைத்தேன். தண்ணீர் குடித்தபின் மெதுவாகச் சொன்னார். இரண்டு வருடமாகவே எல்லாம் புகை மூட்டமாகத்தான் தெரிகிறதாம். ஆள் முகம் தெரியாது, குரல்தான். தோப்பில் மரங்கள் கைக்குப் பழக்கம். கொட்டகையிலிருந்து திரும்பும்போது மட்டும் எதிரே மஞ்சளாக ஒன்று தெரியும், அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். அந்த மஞ்சளும் வரவர மங்கியதால்தான் புதிதாகப் பெயிண்ட் அடிக்க ஒத்துக்கொண்டாராம்.

"வூட்ல சொல்லலீங்களா?"

"சொன்னா? சுரேசு என்னைக் கூட்டிட்டுப் போயி ஓசூர்ல நாலாவது மாடில உக்கார வெச்சிருவான். தோப்பக் குத்தகைக்கு விட்டுருவான். எங்கண்ணன் ஆபரேஷன் பண்ணிக்கிட்டு இருந்த பார்வையும் போய்ச் செத்தான். எனக்கு ரெண்டும் வேணாம். நீ கலர் தப்பாயிருச்சுன்னு மட்டும் சொல்லு. கண்ணுன்னு ஒரு பேச்சு வெளிய வரக் கூடாது. சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். விசேஷத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

கலர் தப்பு என்று மட்டும் போனில் சொன்னேன், மேஸ்திரி மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு வந்து சேர்ந்தார். சுவரைப் பார்த்தார். குழாய்க்குப் பின்னால் குனிந்து பார்த்தார்.

"எத்தன கோட்டு எண்ணுனீங்க சார்?"

"ஏழுங்க."

"ஏழும் என்ன கலருங்க சார்?"

"மஞ்சளுங்க."

"ஓ" என்றார். அவ்வளவுதான். அவர் அடித்திருந்தால்கூட அன்றோடு மறந்திருப்பேன்.

வெங்கடப்பாவின் கண்ணைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இருக்கவில்லை. மேஸ்திரி அவரிடம், "எந்த மஞ்சளுங்க?" என்று ஷேடு கார்டை நீட்டினார், வேண்டுமென்றே தலைகீழாக. வெங்கடப்பா அதிலும் விரலை ஊன்றினார். மேஸ்திரி கார்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு அவர் செய்ததை அதற்கு முன்னும் பின்னும் எந்த வீட்டிலும் நான் பார்த்ததில்லை. மூன்று தகர ஷீட்டுகளை எடுத்து மூன்று விதமான மஞ்சள் அடித்தார். காய்ந்ததும் ஒவ்வொன்றாகச் சுவரோரம் நிறுத்தினார். வெங்கடப்பாவைக் கூட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து போய், தெரியாமல் போகும் இடத்தில் நிற்கும்படி என்னிடம் சொன்னார். நான் தப்படி எண்ணினேன். முதல் மஞ்சள், பார்க்க லட்சணமானது, அறுபதில் மறைந்தது. இரண்டாவது, கொஞ்சம் அடர்த்தி, நூற்றுப் பத்தில் மறைந்தது. மூன்றாவது மஞ்சளை எங்கள் அனுபவத்தில் பங்க்‌ஷன் ஹாலுக்குக்கூட ஒருவரும் கேட்டதில்லை. அவ்வளவு பளீர். நூற்றைம்பது, நூற்றெண்பது என்று எண்ணிக்கொண்டே போனேன். கொட்டகை முதுகில் இடித்தது.

"தெரியுதுங்களா?"

"தெரியுது" என்றார் வெங்கடப்பா. அப்புறம், யாருக்கோ சொல்வது போல, "அதான் எங்க வூடு" என்றார்.

பச்சையின் மேல் மஞ்சள் லேசில் நிற்காது. எத்தனை கோட்டு அடித்தாலும் அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். முதலில் வெள்ளை பிரைமர் ஒன்று, அதற்கு மேல் மஞ்சள் மூன்று. ஒவ்வொரு கோட்டுக்கும் இடையே நான்கு மணி நேரம் காய வேண்டும். இருந்த நாளுக்குள் முடிக்க ஆள் போதவில்லை. அறுபத்தேழு வயதில் மேஸ்திரியே சாரம் ஏறினார். வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு ஏறினார். அதைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டாவது படிவரை நானும் ஏறினேன். பதிமூன்றாவதும் ஏறினேன். அன்றைக்கு மட்டும்தான்.

விசேஷத்துக்கு முந்தின நாள் மாலை சுரேஷ் நாகம்மாவையும் கூட்டிக்கொண்டு குடும்பத்தோடு காரில் வந்து இறங்கினார். வீட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்கண்ணா இது? ஸ்கூல் பஸ்ஸு மாதிரி அடிச்சு வெச்சிருக்கீங்க? நாளைக்கு எங்க எம்.டி. வர்றாருங்க!"

நான் வெங்கடப்பாவைப் பார்த்தேன். அவர் துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டு நின்றார். கலர் தப்பு என்று நான் சொல்லத் தொடங்குவதற்குள் மேஸ்திரி முன்னால் வந்தார்.

"தப்பு எம்மேலதானுங்க. வயசாயிருச்சு. கொஞ்ச நாளாக் கண்ணு சரியாத் தெரியறதில்லீங்க. கலர் தப்பிப் போச்சு."

இப்படி ஒரு பெரிய மனிதர் கைகட்டிச் சொன்னால் யாரால் திட்ட முடியும்? சுரேஷ் தணிந்துவிட்டார். "டாக்டரப் பாக்கலாமில்லீங்க?"

"பாக்கோணும். அரூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல கண்ணுக் கேம்ப் போடறாங்களாம். தனியாப் போகப் பயமா இருக்குதுங்க." மேஸ்திரி வெங்கடப்பாவின் பக்கம் திரும்பினார். "நீங்க ஒரு தொணைக்கு வர்றீங்களா? சும்மா கூட நின்னீங்கன்னாப் போதும்."

வெங்கடப்பா துண்டை மறுபடி முறுக்கத் தொடங்கினார். நாகம்மாதான் சொன்னார்: "போய்ட்டு வாய்யா. நம்ம வூட்டுக்கு வந்து கஷ்டப்பட்ட மனுசன்." அவர் குரலில் இருந்ததைக் கேட்டபோது, இரண்டு வருடமாக அந்த அம்மாவுக்கும் தெரிந்தேதான் இருந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது.

முகாமுக்கு நானும் போனேன். இரண்டு பேரையும் அடுத்தடுத்து உட்கார வைத்துப் பார்த்தார்கள். வெங்கடப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. மேஸ்திரிக்கும் இடது கண்ணில் தொடங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது மேஸ்திரியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சொன்ன பொய் அவரைப் பிடித்துக்கொண்டது. அந்த ஒரு வருடத்தில் அவர் கலர் பார்த்துக் கொடுத்த எழுபத்தொரு வீடுகளையும் நோட்டை எடுத்து நான் மறுபடி யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் புகார் சொல்லவில்லை.

"அவரு பண்ணிக்கிட்டா நானும் பண்ணிக்கறேன்" என்றார் வெங்கடப்பா. "நீங்க பண்ணிக்கிட்டா நானும்" என்றார் மேஸ்திரி. ஒரே நாளில் இருவருக்கும் ஆபரேஷன் முடிந்தது. வெங்கடப்பாவுக்கு ஒரு கண், அடுத்த மாதம் இன்னொன்று.

இரண்டாவது கண்ணின் கட்டுப் பிரித்த வாரத்தில் எனக்குப் போன் வந்தது.

"யோவ் கணக்கு! இந்தக் கலர எவன்யா அடிச்சது?"

"நீங்கதானுங்க கேட்டீங்க."

"கண்ணு தெரியாதவன் கேட்டா அடிச்சிருவியா? தோப்புலருந்து பாத்தாலே கண்ணு கூசுதுய்யா!"

"வேணும்னா வேற அடிச்சுத் தரட்டுங்களா?"

"வேணாம் வுடு. பஸ்ஸுல கண்டக்டரே மஞ்ச வூடு எறங்குன்னு கத்தறான்" என்று வைத்துவிட்டார். அவர் இன்னும் தோப்பில்தான் இருக்கிறார். வருடா வருடம் ஒரு கூடை மாம்பழம் வரும். சென்ற முறை நாற்பத்திரண்டு இருந்தன.

இதை எழுதி முடித்தபின் மனசு கேட்கவில்லை. நேற்று எங்கள் வீட்டுக் கிழக்குச் சுவரை மறுபடி அளந்தேன். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மகளை டேப்பைப் படிக்கச் சொன்னேன்.

"முப்பத்தஞ்சுப்பா."

போய்க் குனிந்து பார்த்தேன். முப்பத்தாறு என்றுதான் எனக்குத் தெரிந்தது. இன்னும் கிட்டே போனேன். அப்போதும் முப்பத்தாறுதான். சுவரின் உயரம் பதினோரு அடி, நீளத்தில் ஒரு அடி தப்பினால் பதினோரு சதுர அடி.

கௌசல்யாவுக்குப் போன் செய்து, உங்கள் அளவுதான் சரி என்று சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. மகளிடமும் சொல்லவில்லை. அவளுக்கு வேலை பெங்களூரில், வீடு ஏழாவது மாடியில்.

சாயங்காலம் மேஸ்திரிக்குப் போன் போட்டேன். எழுபத்தாறு வயதிலும் குரல் அப்படியே இருக்கிறது. ஊர்க்கதை பேசினேன், மழை பேசினேன். அப்புறம், சும்மா கேட்பது போல, அரூரில் அந்தக் கண் முகாமை இப்போதெல்லாம் எப்போது போடுகிறார்கள் என்று கேட்டேன்.

"தொணைக்கு வரட்டுங்களா சார்?" என்றார்.

பத்தாவது முறை.